ஏழு கூட்டம்

நேற்று இரவு எட்டு மணிக்குச் சோற்றை நிறுத்தினேன் இவற்றுக்கு.
வெறும் உப்புக்கரைசல். பதினாறு மணி நேரம்.

வயிறு நிறைந்திருக்கும்வரை
டெட்ராஹைமினாவுக்குத் துணை தேவையில்லை.
நடுவில் இடுங்கும், இரண்டாகும்,
அடுத்த சில மணி நேரத்தில் நான்காகும்.
பசி வந்தால்தான்
பக்கத்தில் யார் என்று பார்க்கும்.

அதிலும் முறை உண்டு.
மொத்தம் ஏழு வகை.
தன் வகையோடு சேராது, மற்ற ஆறும் சம்மதம்.
முதல் வருடம் வீட்டில் இதைச் சொன்னபோது
கறிவேப்பிலை உருவிக்கொண்டே அம்மா,
"நம்மளாட்டமேதான்.
ஒரே கூட்டம்னா பங்காளி, கட்டறதில்லயே" என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
"அதுகளுக்கும் தரகர் உண்டா?"

உண்டு. நான்தான்.
இன்று மதியம் பன்னிரண்டுக்கு
இரண்டாம் கூட்டத்தையும் ஐந்தாம் கூட்டத்தையும்
ஒரே குடுவையில் ஊற்றினேன்.
புதன்கிழமை. சரியான ராகுகாலம்.

ஒரே உடம்பில் உட்கரு இரண்டு.
பெரியதுதான் பாடுபடுவது.
இரை, நீச்சல், மயிரிழைத் துடுப்புகளின் அசைவு
எல்லாம் அதன் உத்தரவு.
சிறியது வாய் திறக்காது,
பீரோவில் பூட்டிய கிரயப் பத்திரம்போல
கிடக்கும்.
இணை சேர்ந்தபின்
சிறியதில்தான் பாதியை மாற்றிக்கொள்கிறார்கள்.
அதிலிருந்து புதிதாக ஒரு பெரியது எழுகிறது.

பழைய பெரியது?
அதை வெளியே தள்ளுவதில்லை.
உறை வந்து சுற்றும், புளிப்பு ஏறும்,
சுருங்கும்,
உழைத்த இடத்திலேயே தின்னப்பட்டுவிடும்.
தன்னுண்ணல் என்று ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன்.
வேறு நல்ல சொல் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் பிள்ளை கிடையாது.
சேர்ந்தவர் இருவர், பிரிந்து போகிறவரும் இருவர்,
ஆள்தான் வேறு.
கல்யாண மண்டபங்களில்
"விசேசம் ஏதுமில்லீங்களா?" என்று என்னைக் கேட்பவர்களிடம்
இதைச் சொல்லிப் பார்க்க ஆசை.

ஒன்று ஐந்துக்கு மின்சாரம் போனது.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை என்று சொல்ல
டார்ச்சோடு வந்தார் வாட்ச்மேன் சென்னியப்பன்,
தானே குடித்துவிட்டது போன்ற முகத்தோடு.
வெளியே பீளமேடு முழுக்க மார்கழிப் பனி.
இன்குபேட்டர் இருபத்தெட்டுக்கு இறங்கியது, இருபத்தாறுக்கு.
இவற்றுக்கு வேண்டியது முப்பது.

குடுவையை எடுத்து
சால்வைக்குள் வயிற்றில் வைத்துக்கொண்டேன்.
தோலை ஒட்டி வைத்தால் முப்பத்து நான்கு,
நடுவில் ஒரு மடிப்புத் துணி கொடுத்தால் முப்பத்தொன்று.
போதும்.
சென்னியப்பன் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.
பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார்.
ஆய்வகத்துக்குள் தின்னக் கூடாதுங்க என்றேன்.

மதியத்திலிருந்து நானும் சாப்பிடவில்லை.
என் ஈரலிலும் இந்நேரம்
பழையதைச் சுற்றி உறைகள் மூடத் தொடங்கியிருக்கும்.
எது தேவை எது தேவையில்லை என்று
என்னைக் கேட்காமல்.

மூன்று பத்துக்கு விளக்கு வந்தது.
சாயம் ஏற்றினேன்.
திருப்பூரில் பனியன் துணிக்கு ஏற்றுகிற என் அண்ணன் சொல்வான்:
"ஏத்தறது பெரிசில்ல கண்ணு, நிக்கோணும்."
நின்றது.
நீலத்தில் புதியவை.
அவற்றின் ஓரத்தில், சிலவற்றில் மட்டும்,
அணையப்போகும் பீடி நுனியாக ஓர் ஆரஞ்சுப் பொட்டு.

எண்ணினேன். நூறில்
எழுபத்தொன்றில் பழையது இல்லை.
எட்டில் பாதி.
மீதி இருபத்தொன்றில் அப்படியே நின்றது,
போகமாட்டேன் என்று.
இவை பிழைக்காது.

குளிர்ந்த சில நிமிடங்கள் காரணமா,
கூடிப்போன என் ஒரு டிகிரியா, தெரியவில்லை.
குறிப்பேட்டில் எழுதினேன்:
1.05 முதல் 3.10 வரை, உடல்வெப்பம்.
வழிகாட்டி இதை ஒப்புக்கொள்ளமாட்டார்,
முதலிலிருந்து செய்யச் சொல்வார்.
செய்யத்தான் வேண்டும். மறுபடி பட்டினி, மறுபடி புதன்கிழமை.

கை கழுவி வாசலைத் தாண்டினேன்.
சென்னியப்பன் அந்தப் பாக்கெட்டை
வாய் மடித்து வைத்திருந்தார்.
நான்கு தின்றேன்.